உளுந்துக் கிடங்கின் பச்சைக் கதவு

டாக்டர் சிவநாதனைப் பொறுத்தவரை எதுவும் அதுவாகவே இருந்துவிட முடியாது. மழை பெய்தால் அது அடக்கி வைத்த அழுகை. படிக்கட்டில் ஏறினால் ஆசை, இறங்கினால் அச்சம். ஒருத்தி வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் ஏதோ தீராத வழக்கு. என் அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். யங்கோனில் போட்டாதாங் படகுத்துறையில் மூட்டை தூக்கியவர். எங்களுக்குள் எந்த வழக்கும் இல்லை. எனக்குப் பேச வராது, அவ்வளவுதான்.

"அவ்வளவுதான்னு ஒண்ணு கிடையாது, மா தன்டா," என்பார்.

மா தன்டா என்பது என் அடையாள அட்டையில் உள்ள பெயர். வீட்டில் நான் மஞ்சுளா. இந்த இரண்டு பெயரையும் அவர் விட்டுவைக்கவில்லை. பிளவுண்ட மனம் என்றார். மிங்கலா தாங்ஞுன்டில் எங்கள் தெருவில் உள்ள தமிழர்கள் எல்லோருக்கும் இரண்டு பெயர்தான். பர்மியப் பெயர் இருந்தால் அட்டை அலுவலகத்தில் குறைவாக அலையலாம். இதில் மனம் எங்கே வந்தது?

அவர் நடத்திய ஜெர்மன் வகுப்பு லத்தாப் பகுதியில், மொத்த மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. முக்கால்வாசிப் பேர் ஜெர்மனியில் செவிலியர் வேலைக்குப் போகப் படித்தார்கள். ஜெர்மன் ஓரளவு கைவந்தவர்களை மட்டும் சனிக்கிழமை இலக்கிய வட்டத்துக்குச் சேர்த்துக்கொள்வார். நானும் ருக்சாரும் அதில் இருந்தோம். ருக்சார் என்னோடு கல்லூரியில் விலங்கியல் படித்தவள். அவளுக்கு இலக்கியத்தில் ஒரு அக்கறையும் கிடையாது. குளிர்சாதனம் ஓடும் என்று வருவாள். அதுவும் கரண்டு இருந்தால்.

சிவநாதன் ஜெர்மனியில் பல வருடம் இருந்தவர். புதிய தத்துவமும் உளப்பகுப்பாய்வும் ஜெர்மன் இலக்கியத்தை எப்படி மாற்றின என்பதுதான் அவர் முனைவர் பட்டத்துக்கு எழுதியது. நன்றாகத்தான் சொல்வார். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். முன்பெல்லாம் அங்கே கதை என்றால் வீடு, தெரு, கல்யாணம், சொத்து. பிறகு ஒரு தத்துவவாதி வந்து, நம்மை ஓட்டுவது அறிவு இல்லை, கண் தெரியாத ஒரு வேட்கை என்றார். இன்னொருவர் கடவுள் செத்துவிட்டார், நல்லது கெட்டது எல்லாம் நாம் கட்டியது என்றார். கடைசியாக வியன்னாவில் ஒரு மருத்துவர் நோயாளிகளைச் சாய்வுப் படுக்கையில் படுக்க வைத்து, கனவைச் சொல்லுங்கள் என்றார். எழுத்தாளர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கதைகள் தெருவில் நடக்கவில்லை, தலைக்குள் நடந்தன. நாடகங்களில் ஆட்களுக்குப் பெயர்கூட இல்லை. தந்தை, மகன், பெண் என்று மட்டும் போட்டார்கள்.

"அதுக்குப் பிறகு ஜெர்மன் இலக்கியத்துல ஒரு கதவு வெறும் கதவா இருந்ததே இல்ல," என்று முடிப்பார்.

"சயா, அப்ப கக்கூஸ் கதவு?" என்று ருக்சார் என் காதில் கேட்பாள். சயா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியர். நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

நான் அந்த வட்டத்துக்குப் போனது இலக்கியத்துக்காக இல்லை. ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்து நிறுவனம் இங்கிருந்து அறிவியல் பட்டதாரி ஒருவரை ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறது. சிவநாதன் கைகாட்டுகிறவருக்குத்தான் அந்த இடம். அது எனக்கு வேண்டியிருந்தது. எங்கள் வார்டில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் நடந்தபோது என் தம்பி மாரிச்சாமியின் பெயர் விழுந்தது. அவன் தாய்லாந்துக்குப் போய்விட்டான் என்று சொல்லிவிட்டோம். அடுத்த மாதம் வந்தவர்கள் பெண்களின் வயதையும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

"ஒண்ணை ஒளிச்சு வெச்சாச்சு," என்றார் அம்மா. "ரெண்டையும் ஒளிச்சு வைக்க எங்கிட்ட எடம் இல்ல. நீ போயிரு."

மாரி தாய்லாந்தில் இல்லை. போட்டாதாங்கில், ஆற்றை ஒட்டிய ஒரு உளுந்துக் கிடங்கில் இருந்தான். அப்பாவோடு வேலை பார்த்த துரைசாமி மாமா அங்கே காவலாளி. மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு, சுற்றிலும் அடுக்கியிருந்தார். பருப்பு வாங்கப் போகிறவள் மாதிரி வாரத்துக்கு ஒருமுறை நான் போவேன். மாரிக்குச் சோறும், போனுக்குச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் கொண்டுபோவேன். ஓட்டுக்கூரையில் உடைந்த இடத்தில் புறாக்கள் இருக்கும். மாரியின் தலையில் உளுந்துத் தூசி படிந்து அவன் கிழவன் மாதிரி இருப்பான்.

"எக்கா, ஜெர்மன்ல உளுந்துக்கு என்ன?" என்று ஒருநாள் கேட்டான்.

"தெரியல."

"அப்ப நீ போயி என்னத்தத் திம்ப?"

பத்தொன்பது வயது. குழிக்குள் படுத்துக்கொண்டு என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டான்.

போன மாதம் சிவநாதன் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். நீங்கள் கண்ட கனவு ஒன்றை ஜெர்மனில் ஒரு பக்கம் எழுதுங்கள். நான் மட்டும்தான் படிப்பேன் என்றார். இடத்துக்கான தேர்வில் அதையும் பார்ப்பேன் என்றார்.

எங்கள் வீட்டில் கனவை மனிதரிடம் சொல்லக் கூடாது. கெட்ட கனவு கண்டால் எழுந்ததும் யாரோடும் பேசாமல் போய், ஓடும் தண்ணீரிடம் சொல்ல வேண்டும். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆளிடம் சொன்னால் அது பலித்துவிடும். நாங்கள் இருப்பது நாலாவது மாடி. மோட்டார் ஓடினால்தான் குழாயில் தண்ணீர். கரண்டு வந்தால்தான் மோட்டார். அதனால் கரண்டு வராத காலைகளில் அம்மா வாயே திறக்க மாட்டார். கையாலேயே அடுப்பைக் காட்டுவார், கையாலேயே திட்டுவார். மாரி போன பிறகு அப்படிப்பட்ட காலைகள் நிறைய.

செம்பில் மொண்டு ஊற்றிச் சொல்லலாமே என்று ஒருமுறை கேட்டேன். தண்ணீர் வந்த பிறகு பதில் சொன்னார்.

"ஊத்துறது நாம. ஓடுறது அதுவா ஓடணும்."

நான் விலங்கியல் படித்தவள். கனவு பலிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மாதம் நான் கண்ட கனவுகள் எல்லாவற்றிலும் மாரி இருந்தான். அவற்றில் ஒன்றைக்கூட எழுதிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. கதை கட்டவும் வராது. ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான்: கண்டதை வரை, காணாததை வரையாதே. அதனால் கண்டதை எழுதினேன். கனவு என்று தலைப்புப் போட்டு, கிடங்கை எழுதினேன். பச்சைக் கதவு. உளுந்து மூட்டைகள். நடுவில் ஒரு குழி. அதில் ஒருவன் துணிக்கடியில் போன் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். மேலே புறாக்கள். வெளியே படகுச் சங்கு. ஊர்ப் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. படிக்கப்போவது ஒரே ஒருவர். அவருக்கும் கதவு என்றால் கதவு இல்லை.

இலக்கிய மாலை என்று பெயர், ஆனால் ஊரடங்குக்குப் பயந்து மதியமே வைத்தார். லத்தாவில் சீனர் சங்கம் ஒன்றின் மாடிக் கூடம். ஜெர்மனியிலிருந்து அந்த நிறுவனத்துப் பெண்மணி வந்திருந்தார். வெள்ளை முடி, பருத்திச் சட்டை, எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் வார்டு அலுவலகத்து ஆள் ஊ மியின்ட். கூட்டம் கூட்ட அனுமதி வேண்டும், அனுமதி கொடுத்தவருக்கு முன்வரிசை வேண்டும். வெற்றிலை போட்டுக்கொண்டு, இடுப்பில் கட்டிய லொன்ஜியை மடித்து, நாற்காலியில் பாதி தூங்கினார்.

சிவநாதன் ஜெர்மனில் ஒரு வாக்கியம், பர்மிய மொழியில் ஒரு வாக்கியம் என்று பேசினார். வேட்கை, கடவுளின் சாவு, வியன்னா மருத்துவர் எல்லாம் வரிசையாக வந்தன. நான் காதில் வாங்கவில்லை. முடிவு அறிவிப்பதற்காகக் காத்திருந்தேன். அப்போது அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் கையெழுத்து எனக்குத் தூரத்திலேயே தெரியும்.

"இது நம்ம வட்டத்துல ஒரு பொண்ணு கண்ட கனவு," என்றார். "ஜெர்மன் எழுத்தாளர்கள் நூறு வருஷத்துக்கு முன்னாடி கண்டுபிடிச்சது யங்கோன்லயும் உண்மைதான்னு இது காட்டும். மா தன்டா, கூச்சப்படாத."

படித்தார். முதலில் ஜெர்மனில். பிறகு பர்மிய மொழியில். நன்றாக மொழிபெயர்த்தார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. புறாவின் எச்சம்கூட விடாமல் மொழிபெயர்த்தார்.

"கவனியுங்க," என்றார். "கிடங்கு, தாயோட வயிறு. பச்சைக் கதவு, திறக்கக் கூடாதுன்னு அவளே போட்ட தடை. உள்ளே படுத்திருக்கிறவன் யாரு? அவளேதான். வெளியே வரப் பயப்படுற அவளோட இன்னொரு பாதி. அதை அவ ஒரு ஆணா, ஒரு தம்பியா பார்க்கிறா. உனக்குத் தம்பி இருக்கான்ல, மா தன்டா?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் தலையை ஆட்டினேன்.

"எங்க இருக்கான்?"

"தாய்லாந்து," என்றேன். குரல் வந்ததா என்று தெரியவில்லை. ருக்சார் அதையே உரக்கச் சொன்னாள்: "தாய்லாந்துல, சயா. மீன் பதப்படுத்துற எடத்துல."

"பார்த்தீங்களா? தூரத்துல இருக்கிற தம்பியை அவ மனசு பக்கத்துலயே பூட்டி வெச்சிருக்கு!"

ஜெர்மன் அம்மா ஏதோ குறித்துக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. கைதட்டலில் ஊ மியின்ட் கண்ணைத் திறந்தார். பாதித் தூக்கத்திலும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"சயா," என்றார். வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார். "அந்தக் கிடங்கு எனக்குத் தெரியும்!"

கூடம் சிரித்தது. சிவநாதனும் சிரித்தார்.

"அது வெளியே இருக்கிற கிடங்கு இல்ல, ஊ மியின்ட்."

"என்னா இல்ல? என் மச்சான் உளுந்து வியாபாரம். படகுத்துறைக்கு மேல்பக்கம், பச்சைக் கதவு, கூரையில ஓட்டை, புறா. நான் போயிருக்கேன். மச்சான் தலையில ஒண்ணு போட்டுச்சு." மறுபடி சிரிப்பு. அவருக்கு அது பிடித்திருந்தது. தொடர்ந்தார். "ஆனா இந்தப் பொண்ணு சொல்ற மாதிரி நடுவுல குழி விட்டு அடுக்கினா, ஒருத்தன் உள்ள கெடந்தாக்கூட எவனுக்குத் தெரியும்? மச்சான்கிட்டச் சொல்லணும். போயி பார்க்கச் சொல்லணும்."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒன்று வந்துவிட்டதே என்ற சந்தோஷம். சட்டைப் பையில் போனைத் தேடினார்.

நான் எழுந்து நின்றேன். பள்ளியில் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்க வெட்கப்பட்டவள் நான்.  பயம் இல்லை. என் தாளை விரல்களில் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

"அது என் கனவு இல்ல," என்றேன் பர்மிய மொழியில். "காப்பியடிச்சேன்."

சிவநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன?"

"இன்டர்நெட்ல ஒரு ஜெர்மன் கதை. ஹாம்பர்க் துறைமுகத்துல நடக்கும். அதுல காபி மூட்டை. நான் உளுந்துன்னு மாத்தினேன்."

"புறா?" என்று கேட்டார் ஊ மியின்ட். முகம் விழுந்துவிட்டது.

"அங்க கடல் பறவை."

"கதவு?"

"கதவு அங்கயும் பச்சைதான்."

"ஜெர்மன்காரனும் பச்சைதான் அடிக்கிறானா!" என்றார். போனை மறுபடி பைக்குள் போட்டார். "நான்கூட நம்ம கிடங்குன்னு நெனச்சேன்."

ஜெர்மன் அம்மா என்ன நடந்தது என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். எந்தக் கதை, யார் எழுதியது என்று என்னைக் கேட்டார். பெயர் மறந்துவிட்டது என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனிலேயே மிக மோசமான ஜெர்மனில் சொன்னேன், அப்போதுதான் திருடி என்று நம்புவார். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ஷாடே," என்றார். பரிதாபம் என்று அர்த்தம். குறிப்பேட்டில் எதையோ அடித்தார்.

நான் வெளியே வந்தேன். ருக்சார் ஏற்கெனவே படிக்கட்டில் நின்றாள். அவளுக்கு மாரி விஷயம் தெரியும். அவள் அண்ணனின் பிஸ்கட் கடை போட்டாதாங்கில்தான்.

"நீ போகாதடி," என்றாள். "நீ வீட்டுக்குப் போ, பஸ்ஸுல, எல்லாரும் பார்க்கிற மாதிரி. அழுதுக்கிட்டே போனா இன்னும் நல்லது. நான் அண்ணன் கடைக்குப் போறவ மாதிரி போறேன்."

"அழுகை வரலை."

"எனக்கும்தான். அந்தச் சயாவைக் கொன்னுட்டு வரட்டுமா?"

அவள் இறங்கி ஓடினாள். நான் பையைத் தோளில் மாட்டும்போது சிவநாதன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் கதவை மூடினார். முகம் சிவந்திருந்தது. பர்மிய மொழியை விட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார்.

"என் மானத்தை வாங்கிட்டியே! அந்தம்மா முன்னாடி! உனக்குத்தான் இடம்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன், தெரியுமா?"

நான் பையின் வாரைச் சரிசெய்தேன்.

"அது காப்பி இல்ல. எனக்குத் தெரியும். ஜெர்மன்ல அப்படி ஒரு கதை இருந்தா எனக்குத் தெரியாமப் போகாது. உன் தப்பெல்லாம் அதுல இருக்கு. அப்புறம் ஏன்? நான் சொல்றேன் ஏன்னு. உனக்குள்ள தோக்கணும்னு ஒரு ஆசை. ஜெயிச்சாப் போகணும். போனா அம்மாவை விடணும். அதுக்கு உன் நனவிலி மனசு…"

"சயா."

நான் அவர் பேச்சில் குறுக்கிட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். நிறுத்தினார்.

"அந்த வியன்னா டாக்டர் கடைசியில என்ன ஆனார்?"

"என்ன?"

"நீங்கதான் சொன்னீங்க. சர்வாதிகாரி ஆட்சி வந்துச்சு. அவர் எழுதினதை எல்லாம் தெருவுல போட்டு எரிச்சாங்க. வீட்டுக் கதவைத் தட்டினாங்க. மகளைப் புடிச்சுக்கிட்டுப் போயி விசாரிச்சாங்க. வயசான காலத்துல ஊரை விட்டுப் போனார். உங்க எழுத்தாளருங்க பாதிப் பேர் சூட்கேசோட ஓடினாங்க. அன்னைக்குத் தட்டினாங்களே, அந்தக் கதவு எதுக்குக் குறியீடு, சயா?"

அவர் கழற்றிய கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். 

"நான் மட்டும்தான் படிப்பேன்னு சொன்னீங்க," என்றேன். இப்போது என் குரல் எனக்கே கேட்டது. தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "அது வயிறு இல்ல. தடை இல்ல. என் பாதி இல்ல. அது கதவு. அதுக்கு உள்ள…"

நிறுத்திக்கொண்டேன். அவர் கையில் என் தாள் இன்னும் இருந்தது. அதைப் பார்த்தார். ஒரு வரியில் விரல் நின்றது. பிறகு மெதுவாகக் கூடத்துக் கதவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் ஊ மியின்ட் யாரிடமோ காபி மூட்டையைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ," என்றார். "ஏம்மா. நான்…"

"கேக்காதீங்க."

"நான் உள்ள போயி ஏதாவது சொல்லட்டுமா? அந்தம்மாகிட்டயாவது உண்மையை…"

இந்த மனிதருக்கு இப்போதும் ஏதாவது சொல்ல வேண்டும்.

"ஒண்ணு சொல்லுங்க," என்றேன். "நான் திருடின்னு சொல்லுங்க. வட்டத்தை விட்டுத் துரத்திட்டேன்னு சொல்லுங்க. பலமாச் சொல்லுங்க. அந்த ஆளுக்குக் கேக்கணும். நாளைக்கும் சொல்லுங்க, வகுப்புல சொல்லுங்க. யாராவது இரக்கப்பட்டா அவங்ககிட்டயும் சொல்லுங்க."

தாளை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டேன். அவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு உள்ளே போனார். நான் படி இறங்கும்போது அவர் குரல் கேட்டது. திருட்டு, அவமானம், இனி இந்த வாசலில் கால் வைக்கக் கூடாது. பர்மிய மொழியில் ஒரு வாக்கியம், ஜெர்மனில் ஒரு வாக்கியம். முழுதாக நம்பும்படி இருந்தது. சொல்லச் சொன்னது நான்தான் என்றாலும் ஒவ்வொரு சொல்லும் முதுகில் விழுந்தது.

வீட்டுக்குப் போனபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"எடம் கெடைச்சுதா?"

"இல்ல."

அம்மா முகத்தைப் பார்த்தார்.  நான் எல்லாவற்றையும் சொன்னேன். களைந்த அரிசியை மறுபடி களைந்தார். சாயங்காலம் ருக்சாரிடமிருந்து போன் வந்தது. அவள் குரலில் இரைச்சல், படகு இயந்திரம்.

"மஞ்சு, உளுந்து வித்துப் போச்சுடி. மாமாவே படகுல ஏத்தி அக்கரைக்கு அனுப்பிட்டார். கிடங்குல இப்ப எலிதான் இருக்கு. உங்க சயாவைக் கூப்பிட்டு எலிக்கு அர்த்தம் சொல்லச் சொல்லு."

அக்கரையில் எங்கே என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. தெரியாமல் இருப்பதுதான் இப்போது நல்லது. இனி வாரம் ஒருமுறை சோறு கொண்டுபோக முடியாது. உளுந்துக்கு ஜெர்மனில் என்ன என்று நான் அவனுக்குச் சொல்லவும் இல்லை. ராத்திரிக்கு அம்மா வழக்கம்போல மூன்று பேருக்கு அரிசி போட்டுவிட்டு, ஒரு ஆளுக்கானதை எடுத்துத் திரும்ப டப்பாவில் கொட்டினார்.

மறுநாள் விடிந்தபோது கரண்டு வந்தது. கீழே மோட்டார் உறுமியது. குழாய் இருமிவிட்டுத் தண்ணீரைத் துப்பியது. அம்மா எனக்கு முன்னால் எழுந்து, தன் கனவைச் சொல்லி முடித்துவிட்டு நின்றார். என்னைப் பார்த்ததும் குழாய் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"நான் கனவே காணலை, அம்மா. தூங்கவே இல்ல."

"என்னமோ, உள்ள இருக்கிறதைச் சொல்லு. பல்லைக் கடிச்சுக்கிட்டே இருக்க. தாடை வீங்கிடும்."

குனிந்து நின்றேன். முதலில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு டாக்டர் சிவநாதன் என்று ஆரம்பித்தேன். தமிழில் திட்டினேன். போதவில்லை. அப்பா மூட்டைக்காரர்களோடு பேசும்போது கேட்டிருந்த பர்மிய வசவுகள் எல்லாம் எங்கிருந்தோ வந்தன. குலுக்கல் நடத்தியவர்களைத் திட்டினேன். வயதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களைத் திட்டினேன். ஊ மியின்டின் மச்சானைத் திட்டினேன், அவரை நான் பார்த்ததுகூட இல்லை. கடைசியில் ஜெர்மனில் திட்டினேன், இலக்கண சுத்தமாக. இலக்கிய வட்டத்தில் இவ்வளவு ஜெர்மன் நான் பேசியதே இல்லை.

வாளி நிரம்பித் தரையில் வழிந்தது.

"போதும்டி," என்றார் அம்மா. குழாயை மூடினார். "கரண்டு போறதுக்குள்ள தொட்டியை ரொப்பணும்."

நான் மறுபடி திறந்தேன். இன்னும் முடியவில்லை.